மன்னிப்புக் கேட்ட பூட்டு

ஃபோனை எடுத்தவன் கொழுந்தன். எடுத்திருக்கக் கூடாது. அவன் காதுக்குள் போகும் செய்தி வாய்வழியே வெளியே வரும்போது வேறு செய்தியாகிவிடும் என்பது அந்தத் துப்பறியும் நிலையத்தின் சுவரில் ஓடும் பல்லிக்குக்கூடத் தெரியும்.

"அண்ணி, ரிலீஸ் பிராஞ்ச்ல திருட்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிலீஸாம். அதுக்குள்ள ஆளைப் பிடிக்கணுமாம்."

"பேசினது யாரு?"

"ஒரு லேடி டாக்டர்."

"என்ன திருடு போச்சு?"

"அதுதான் குழப்பம். ரிலீஸ்னா சினிமா. பிராஞ்ச்னா பேங்க். சினிமா எடுக்கற பேங்க்ல டாக்டருக்கு என்ன வேலை?"

அண்ணி ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள். அவளுக்குப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கொழுந்தன் நாளுக்கு நூறு தடவை "அண்ணி, அண்ணி" என்று அழைத்து அழைத்து, வழக்கோடு வருகிற கட்சிக்காரர்கள், எதிர்க்கடைக்காரர், ஒருமுறை கைதான ஒரு திருடன் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தவள். எரியாத கடைக்கு எரிந்ததாகப் பணம் கேட்டவர்களை, அவர்கள் சட்டையில் புகை வாசனை இல்லை என்பதை வைத்தே மடக்கியவள்.

கொழுந்தன் நாற்பதைத் தொட்டவன். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். அந்தப் பழக்கம் போகவில்லை. அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தான்.

"தம்பி, காலை ஆட்டாம வா. வண்டி என் கையில இருக்கு."

"உயிர் என்னோடது அண்ணி."

நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. கீழே குழந்தைகள் மருத்துவமனை. கதவில் 'மாலை மட்டும்' என்று பலகை தொங்கியது. மாடிப்படியின் அடியில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், காலில் வீட்டுச் செருப்பு.

"நான்தான் ஃபோன் பண்ணேன். வாங்க" என்று படியேறினார் டாக்டர். பாதிப் படியில் இருக்கும்போது மேலேயிருந்து ஒரு பெண் குரல் வீறிட்டது.

"ஐயோ, காணோம்! ரிலீஸ் பிராஞ்ச்ல இருந்ததைக் காணோம்!"

கொழுந்தன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பார்த்து வாங்க, கடைசிப் படி கொஞ்சம் உயரம்" என்றார்.

மேலே சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று லேப்டாப்புகள், அவற்றைச் சுற்றி ஒயர்கள், ஒயர்களுக்கு நடுவே காலி காபிக் கோப்பைகள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்.

முதலாமவர் டாக்டரின் கணவர். நண்பர்கள் மத்தியில் அவருக்குப் பூட்டு என்று பெயர். எதையும் பூட்டிவிடுவார். இரண்டாமவள் கணக்கு டீச்சர். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பதால் நொட்டை. அவளே பெருமையாக அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுவாள். மூன்றாமவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். உலகமே பற்றியெரிந்தாலும் அவன் கண்ணுக்கு அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருப்பதுதான் தெரியும். ஆகவே காற்புள்ளி.

"நாங்க மூணு பேரும் இன்னும் எத்தனையோ பேரும் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதறோம்" என்றார் பூட்டு. "பேர் 'வரிசை'. ஆஸ்பத்திரில டோக்கன் கொடுத்து, அடுத்தது யாருன்னு கூப்பிடும். இலவசம். யார் வேணாலும் எடுத்துக்கலாம், யார் வேணாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், யார் வேணாலும் திருத்தம் அனுப்பலாம்."

"யார் வேணாலும் எடுத்துக்கலாம்னா அப்புறம் திருட்டு எங்கே வந்தது?" என்றான் கொழுந்தன்.

நொட்டை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கணக்கில் தேறாத பையனுக்கு டீச்சர் பரிதாபத்தோடு சொல்லித்தருவது போலச் சொன்னாள்.

"அடுப்புல ஒரு பெரிய பாத்திரம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆளாளுக்கு உப்பு, புளி, காரம்னு எதையாவது போட்டுக்கிட்டே இருப்பாங்க. அது மெயின் பிராஞ்ச். விருந்தாளிக்குப் பரிமாற அதுலேர்ந்து ஒரு சின்னப் பாத்திரத்துல தனியா எடுத்து வைக்கறோம். அது ரிலீஸ் பிராஞ்ச். எடுத்து வெச்சப்புறம் அதுல யாரும் கரண்டி விடக் கூடாது."

"ஈ, எறும்பு நுழையாது. நான் பூட்டிடுவேன்" என்றார் பூட்டு.

"நுழைஞ்சிருக்கே" என்றாள் அண்ணி.

பூட்டின் முகம் தொங்கியது. இப்போது இருக்கும் பதிப்பில் கரண்ட் போனால் வரிசை மொத்தமும் அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் காத்திருப்பவர்கள் கவுண்டரில் மல்லுக்கட்டுவார்கள். அதைச் சரிசெய்யும் திருத்தம்தான் இன்றைய பதிப்பின் உயிர்நாடி. நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் அதற்காகத்தான் காத்திருந்தன. காலையில் யாரோ ரிலீஸ் பிராஞ்சிலிருந்து அதை மட்டும் உருவிவிட்டார்கள். உருவியவர் பெயர் என்ற இடத்தில் பூட்டின் பெயரே இருந்தது.

"மெயின்ல அது பத்திரமா இருக்கில்ல? மறுபடி போட்டுட்டுப் போங்களேன்" என்றான் கொழுந்தன்.

"போட்டா மறுபடி எடுப்பாங்களே! என் கம்ப்யூட்டர்லேர்ந்து, என் பேர்ல, என் சாவியால எடுத்திருக்காங்க. அது யாருன்னு தெரியாம நோயாளிகள் இருக்கற இடத்துக்கு எதையும் அனுப்ப மாட்டேன். அதே சமயம், அஞ்சு மணிங்கற சொல்லையும் தவற மாட்டேன். இதுவரைக்கும் நான் ஒரு ரிலீஸையும் தள்ளிப்போட்டதில்லை."

"உங்க கம்ப்யூட்டரைப் பூட்டி வெச்சிருந்தீங்களா?"

பூட்டு தொண்டையைக் கனைத்தார். டாக்டர்தான் பதில் சொன்னார். "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுவார். தன் லேப்டாப்பைத் திறந்தபடி போட்டுட்டுக் குளிக்கப் போயிடுவார்."

"அப்போ அந்த நேரத்துல வீட்டுல இருந்தது?"

"இவங்க ரெண்டு பேரும்தான்" என்று பூட்டு கைகாட்ட, நொட்டையும் காற்புள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் பத்து வருட நட்பு பாதியாகக் குறைந்ததைக் கொழுந்தன் கவனித்தான்.

அண்ணி லேப்டாப் திரையை நோக்கிக் குனிந்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவும் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது காற்புள்ளி உண்ணாவிரதம் இருக்காத குறையாகக் கொண்டுவந்த சட்டம். திருடன் வழக்கத்தை மீறவில்லை. கொழுந்தன் உரக்கப் படித்தான்.

"மின்வெட்டு திருத்தம் எடுக்கப்படுகிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

"மன்னிக்கவுமா?" என்று நொட்டை வாய்விட்டுச் சிரித்தாள். "பூட்டு அண்ணா இதை எழுதலைன்னு கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுவேன். போன வருஷம் இவர் என் காலை மிதிச்சப்போகூட, கால் ஏன் அங்கே இருந்ததுன்னு கேட்டவர்."

"டாக்டர், உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றாள் அண்ணி.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அந்தச் சொல்லை இவர் வாயால நான் கேட்டதில்லை."

பூட்டு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"ஆக, மன்னிப்புக் கேட்கற பழக்கம் இருக்கற ஆசாமி" என்று கொழுந்தன் காற்புள்ளி பக்கம் திரும்பினான். "தம்பி, நீங்க இந்த அறைக்குள்ள நாங்க வந்ததுலேர்ந்து நாலு தடவை 'மன்னிக்கணும்' சொல்லிட்டீங்க. ஒரு தடவை நாற்காலிகிட்ட."

காற்புள்ளி சிவந்தான். அவன் கோபப்படுவது பூனை தும்முவது போல இருந்தது.

"நானா? நானா எழுதினேன்? அந்த வரியைப் பாருங்க! 'மின்வெட்டு திருத்தம்'! நடுவுல 'த்' எங்கே?"

"எங்கே?"

"அதைத்தான் கேக்கறேன்! வெட்டு! வன்தொடர்க் குற்றியலுகரம்! பின்னாடி வல்லினம் வந்தா மிகும்! மிகுந்தே தீரும்! என் கழுத்துல கத்தியை வெச்சாலும் நான் 'மின்வெட்டுத் திருத்தம்'னுதான் எழுதுவேன். திருடுவேன்னு வேணும்னா சொல்லுங்க, தாங்கிக்கறேன். ஒற்றை விடுவேன்னு சொல்லாதீங்க."

அவன் கண் கலங்கியேவிட்டது. அண்ணி அவன் தோளில் தட்டினாள். "நீங்க இல்ல. போய்த் தண்ணி குடிங்க."

"அப்போ மிச்சம் நொட்டை மேடம்" என்றான் கொழுந்தன்.

நொட்டை கையைக் கட்டிக்கொண்டாள். "அந்தக் குறிப்பு எத்தனை வரி?"

"ஒரே வரி."

"நான் ஒரு விஷயத்தை ஒரு வரியில சொல்லி யாராவது கேட்டதுண்டா? நான் எடுத்திருந்தா என் பேரையே போட்டு, இது ஏன் உருப்படாதுன்னு ரெண்டு பக்கம் எழுதி, கீழே வரைபடமும் ஒட்டியிருப்பேன்."

மறுக்க முடியாத வாதம். கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான். மன்னிப்புக் கேட்காதவர் ஒருவர், ஒற்றை விடாதவன் ஒருவன், ஒரு வரியில் முடிக்காதவள் ஒருத்தி. மூன்று பேரும் இல்லையென்றால் எழுதியது பேயா?

"தம்பி, தலை வலிக்குது" என்றாள் அண்ணி திடீரென்று. "கீழே டாக்டரோட கிளினிக்ல மாத்திரை இருக்கும். எடுத்துட்டு வா."

"எந்த மாத்திரை அண்ணி?"

"குழந்தைங்களுக்குக் கொடுக்கறதே போதும். போ. அப்படியே அங்கே என்னென்ன இருக்குன்னு கண்ணைத் திறந்து பார்த்துட்டு வா."

அண்ணிக்குத் தலைவலியே வராது என்பது அவனுக்குத் தெரியும். அவளால் மற்றவர்களுக்கு வந்துதான் பார்த்திருக்கிறான். டாக்டர் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

காத்திருப்பு அறை. வரிசையாக நாற்காலிகள், மூலையில் உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கிப் படம், சுவரில் டோக்கன் எண் காட்டும் திரை. திரைக்குக் கீழே கையால் எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் கொழுந்தனின் கால் தன்னிச்சையாக இல்லாத பிரேக்கை மிதித்தது.

'மின்வெட்டு காரணமாக வரிசை தலைகீழாக மாறிவிட்டது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மூச்சு வாங்க அண்ணியின் காதில் சொன்னான். இந்த முறை செய்தி மாறாமல் வந்து சேர்ந்தது.

"ஒற்று?" என்று கிசுகிசுத்தாள் அண்ணி.

"'மின்வெட்டு காரணமாக'. 'க்' இல்ல அண்ணி. நானே தேடிப் பார்த்தேன்."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். திருட்டுப் போனதை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் நொட்டை. "சோதனையை ஓட்டினேன், காணோம், கத்தினேன். கத்தினது உங்களுக்கே கேட்டிருக்குமே."

"கேட்டுது. படியில பாதி தூரம் வந்திருந்தோம். திருட்டுப் போனதே யாருக்கும் தெரியாதப்போ, திருட்டுப் போச்சுன்னு எங்களுக்கு ஃபோன் வந்தது எப்படி?"

ஒவ்வொருவராக டாக்டர் பக்கம் திரும்பினார்கள். பூட்டு கடைசியாகத் திரும்பினார். அவருக்கு மட்டும் கழுத்து இறுகியிருந்தது போல.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "இவர் பண்றதைப் பக்கத்துல இருந்து பார்த்தே பழகியிருக்கேன். என் கிளினிக்ல இந்தத் திருத்தத்தோட முன்னோட்டப் பதிப்பு ஓடுதில்ல? கரண்ட் போய் வந்தா வரிசை அழியறதில்லைதான். ஆனா தலைகீழா வருது. கடைசியா வந்தவங்க முதல்ல, முதல்ல வந்தவங்க கடைசியில. போன வாரம் ஜுரத்துல துவண்ட குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தா. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் பின்னாடி போயிட்டே இருந்தா. நான் எட்டிப் பார்க்கறப்போ குழந்தைக்கு வலிப்பு. நல்லவேளை, பிழைச்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் பூட்டு.

"சாப்பிடும்போது சொன்னேன். வீட்டுல சொல்றதெல்லாம் கணக்கில்ல, முறைப்படி புகார் போடுன்னீங்க. போட்டேன்."

"உன் பேர்ல ஒரு புகாரும் வரலையே!"

"வெளியாள் மாதிரி 'வாசல்படி'ங்கற பேர்ல போட்டேன்."

பூட்டு எழுந்தே விட்டார். "அந்த நச்சரிப்புப் பேர்வழி நீயா?"

நொட்டை அதற்குள் தன் திரையில் அந்தப் புகாரைத் தேடி எடுத்துவிட்டாள். குழந்தை, ஜுரம், கரண்ட் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. கீழே பூட்டின் பதில்: 'மூடப்பட்டது. பயன்படுத்துபவரின் தவறு.' டாக்டர் மறுபடி போட்டிருந்தார். 'மூடப்பட்டது. மேலே பார்க்கவும்.' மறுபடியும். 'மூடப்பட்டது.'

"சொந்தப் பெண்டாட்டியைப் பயன்படுத்துபவரின் தவறுன்னு மூடின ஒரே புருஷன் நீங்கதான் சார்" என்றான் கொழுந்தன்.

"தம்பி" என்றாள் அண்ணி. அவன் வாயை மூடினான்.

"அதனாலதான்" என்றார் டாக்டர், அண்ணியைப் பார்த்து. "புகார்னா மூடிடுவார். குற்றம்னா திறந்துதானே ஆகணும்? துப்பறியறவங்க வந்து நாலு பேர் முன்னாடி கேள்வி கேட்டா, பதிலைத் தேடியாவது அந்தத் திருத்தத்தைப் பிரிச்சுப் பார்ப்பார்னு நினைச்சேன். நீங்க என்னையே பிடிச்சுட்டீங்க."

பூட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு பிடிவாதம் ஒருமுறை கடைசியாகத் தலைதூக்கியது. "இருக்காது. நொட்டை சோதிச்சிருக்கா. அவ கண்ணுல படாத குத்தமா?"

"வாங்க, பார்த்துடலாம்" என்றாள் நொட்டை. மூலையில் இருந்த சோதனைக் கம்ப்யூட்டரில் அந்தத் திருத்தத்தை ஏற்றி, மூன்று பேர் டோக்கன் எடுத்தார்கள். முதலில் கொழுந்தன், அப்புறம் அண்ணி, கடைசியில் காற்புள்ளி. டாக்டர் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். சோதனைக் கம்ப்யூட்டர் உயிர்பெற்று, மணியடித்து, காற்புள்ளியைக் கூப்பிட்டது.

"யோவ், முதல்ல வந்தவன் நான்!" என்றான் கொழுந்தன்.

"மன்னிக்கணும்" என்றான் காற்புள்ளி.

நொட்டையின் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒரே ஒரு டோக்கனை வெச்சுத்தான் சோதிச்சேன். ஒருத்தர் மட்டும் இருந்தா முதல் ஆளும் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான். எப்படித் தெரியும்? ஐயோ, என்னையே நான் என்ன சொல்லித் திட்டறது!"

"ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம பார்த்துக்கோங்க" என்றாள் அண்ணி.

தப்பு ஒரே ஒரு வரியில் இருந்தது. ஏறுவரிசை என்று இருக்க வேண்டிய இடத்தில் இறங்குவரிசை. பூட்டு அதை மாற்ற எடுத்துக்கொண்டது ஒரு கோப்பைக் காபி ஆறும் நேரம்தான். கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

"ஒரு வரிதானே, போயிடலாம். சொன்ன நேரத்துக்கு…"

"போன தடவையும் ஒரு வரிதாங்க" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "முதல்ல கீழே ஓடட்டும். என் நோயாளிங்க முன்னாடி."

பூட்டு விரலை எடுத்துவிட்டு, காத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் ஓர் அறிவிப்பைத் தட்டத் தொடங்கினார்: இன்று வெளியீடு இல்லை; ஒரு பெரிய குறை அகப்பட்டிருக்கிறது. "அகப்பட்டிருக்கிறதுன்னா யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேப்பாங்களே" என்று முனகியவர், டாக்டரின் பெயரையே, முழுப்பெயராக, எழுதினார். காற்புள்ளி எட்டிப் பார்த்து ஓர் ஒற்றைச் சேர்த்தான்.

சாயங்காலம் கிளினிக் திறந்தது. திருத்திய 'வரிசை' திரையில் ஓடியது. நாற்காலிகள் நிரம்பின. கொழுந்தன் சுவர் ஓரமாக, ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் நின்றான். அண்ணி உள்ளே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். பூட்டு கையில் ஒரு டோக்கனோடு, நோயாளிகளுக்கு நடுவே ஒரு சின்ன நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். தான் எழுதியதற்கு முன்னால் அவர் இப்படி உட்கார்வது இதுவே முதல் தடவை.

கரண்ட் போனது. நொட்டைதான் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். இருட்டில் ஒரு குழந்தை அழுதது, பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கரண்ட் வந்தது. திரை கண் சிமிட்டியது. முன்வரிசையில் தூங்கும் பெண்குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் அப்பாவின் எண், அவருக்கு வர வேண்டிய அதே இடத்தில், வந்தது. அவர் எழுந்து உள்ளே போனார்.

கொழுந்தன் மூச்சை விட்டான். பூட்டு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

பக்கத்தில் ஓர் அம்மாள் இருமும் பையனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"இந்த மணி இருக்கே, தூங்கற புள்ளைய எல்லாம் எழுப்பி விட்டுடுது. எழுதினவன் வீட்டுல புள்ளைங்களே கிடையாது போல."

கொழுந்தன் நிமிர்ந்தான். பூட்டின் உதடுகள் 'மூ' என்று குவிவதை அவன் கண்ணால் பார்த்தான். அந்த எழுத்து வெளியே வரவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் பூட்டு. "மணி மட்டும்தானா?"

"மணி மட்டுமா? எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. அப்புறம் இந்த நாற்காலி, உட்கார்ந்தா இடுப்பு போகுது."

நாற்காலிக்கும் சாஃப்ட்வேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பூட்டுக்குத் தெரியும், கொழுந்தனுக்கே தெரியும். பூட்டு தன் சின்ன நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இடுப்புல எந்தப் பக்கம்?" என்றார்.